கர்ப்பிணிக்கு ஸ்கேன்: ஜெல் தடவுறதுக்கு முன்னாடி ஏன் ஒரு கையெழுத்து?

வயிற்று வலின்னு அல்ட்ராசவுண்ட் எடுக்கப் போனால், பில் கட்டியதும் உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். அதே மெஷினில் ஒரு கர்ப்பிணி படுக்க வேண்டுமென்றால் முதலில் 'ஃபார்ம் எஃப்' வரும். கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று தெரிந்துகொள்ள விரும்பவில்லை என அவர் கையெழுத்துப் போடணும். தான் அதைச் சொல்லவில்லை என டாக்டரும் உறுதி தரணும்.

மெஷின் செய்வது எளிமையான வேலைதான். நம் காதுக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கிறது. மென்மையான திசுக்களில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர். எதிரொலி வர எவ்வளவு நேரமாகிறது என்பதை வைத்து ஆழத்தைக் கணக்கிட்டுப் படம் வரைகிறது. எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு கிடையாது. நடுவில் காற்று இருந்தால் ஒலி அப்படியே திரும்பிவிடும். அதுக்குத்தான் அந்தச் சில்லென்ற ஜெல். ஆரம்ப மாதங்களில் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வதும் இதனால்தான்: நிரம்பிய சிறுநீர்ப்பை, வாயு நிறைந்த குடலை ஒதுக்கிக் கருப்பைக்கு வழிவிடும். பித்தப்பையைப் பார்க்க என்றால் வெறும் வயிறு. சாப்பிட்டால் அது சுருங்கிவிடும்.

சிக்கல், இதே படத்தில் பாலினமும் தெரியும் என்பது. 1994இல் பாலினத் தேர்வைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டம் வந்தது. 0-6 வயதில் 1,000 ஆண் குழந்தைகளுக்கு 1991இல் 945 ஆக இருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை, சட்டம் வந்த பிறகும் 2001இல் 927 ஆனது. 2003இல் சட்டத்தைத் திருத்தி இறுக்கினார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு பிறப்பு விகிதத்தை 929 என்கிறது. (இது பிறப்புக் கணக்கு, முந்தையது 0-6 வயதுக் கணக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சு 'முன்னேற்றம்'னு சொல்ற வாட்ஸ்அப் கார்டுகளை நம்பாதீங்க.)

படிவத்தில் ஒரு குறை இருந்தாலே அது குற்றமாகக் கருதப்படும். தவறு செய்யவில்லை என்று டாக்டர்தான் நிரூபிக்கணும். எழுத்துப் பிழைக்கெல்லாம் தண்டனையா என்று மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 2019இல் நீதிமன்றம் சட்டத்தின் பக்கமே நின்றது. எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். ஒரு சிரிப்பில், ஒரு சைகையில் சொல்லிவிட்டால் எந்தப் படிவமும் பிடிக்காது. ஆனால் படிவமும் இல்லையென்றால், யாருக்கு, எதற்காக ஸ்கேன் எடுத்தார்கள் என்ற தடயமே இருக்காது.

அதனால் உங்கள் முறை வரும்போது வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீங்க. ஸ்கேனுக்கான காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்க. ஏற்கெனவே எத்தனை ஆண், எத்தனை பெண் குழந்தைகள் என்றும் அதில் கேட்பார்கள். கூட வந்தவர்களில் யாராவது "என்ன குழந்தைன்னு மட்டும் சொல்லுங்க டாக்டர்" என்று ஆரம்பித்தால், ஒன்றை நினைவூட்டுங்க: கேட்பவருக்கே 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை, கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் அந்தப் பெண் சோதனைக்கு வந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.