முள் கருவியில் பழகினால் திரை தானாக வருமா?

"முதல்ல முள் கருவியில பழகு தம்பி. கிளாஸ் காக்பிட் தானா வந்துடும்." எந்த ஃப்ளையிங் கிளப் கேன்டீனில் உட்கார்ந்தாலும் டீயோடு சேர்ந்து வருகிற உபதேசம் இது. முள்ளுக்குப் பதில் திரை வைத்த கிளாஸ் காக்பிட்டில் கற்றவன் வீடியோ கேம் பிள்ளையாம்; ஆறு வட்ட முகப்புகளோடு மல்லுக்கட்டியவன்தான் விமானியாம்.

அந்த முகப்புகளின் லட்சணத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். பழைய செஸ்னா 172இல், விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானத்தின் கைரோவைச் சுழலவைப்பது எஞ்சினோடு ஓடும் வேக்யூம் பம்ப். மேகத்துக்குள் பம்ப் செத்தால் கைரோ உடனே நின்றுவிடாது. சுழற்சி தளரத் தளர அடிவானக் கோடு மெல்லச் சாயும். நேராகப் போகும் விமானத்தை, கோட்டை நம்பி நிமிர்த்தப் போனால் நிஜமாகவே கவிழும். திரையிலோ, தகவல் கெட்டால் பெரும்பாலும் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி விழுந்துவிடும். பொய் சொல்வதற்கு வாயை மூடிக்கொள்வது மேல்.

1978 ஜனவரி 1 இரவு, பம்பாயிலிருந்து துபாய்க்குக் கிளம்பியது ஏர் இந்தியாவின் 747, ‘எம்பரர் அசோகா’. கீழே இருண்ட கடல். கேப்டனின் அடிவானக் கருவி பழுதாகி வலப்பக்கச் சாய்வையே காட்டிக்கொண்டிருக்க, அவர் இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே போனார். 213 பேரும் பாந்த்ராவுக்கு அப்பால் கடலோடு போனார்கள். முள் கருவிகளிலேயே வளர்ந்த, நீண்ட அனுபவமுள்ள விமானி அவர்.

திரைக்கு ஆரத்தி எடுக்க வரவில்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010இல் சிறு விமானங்களை ஆராய்ந்தபோது, திரை பொருத்தியவற்றில்தான் உயிர்ப்பலி விபத்து விகிதம் அதிகம் என்று கண்டது. கிளப் பெரியவர்கள் இதைத்தான் நீட்டுவார்கள். ஆனால் வாரியம் முள்ளுக்குத் திரும்பச் சொல்லவில்லை; அந்தந்தத் திரைக்கென்று தனிப் பயிற்சி கேட்டது. ‘தானா வந்துடும்’ என்பதற்கு நேர் எதிர்.

ஏன் வராது? முள் நிற்கும் சாய்வைப் பார்த்தே உயரத்தைப் பிடித்துப் பழகிய கண், திரையில் உருளும் எண்ணைத் துரத்துகிறது. இருபது அடி இறங்கினால் இழுப்பு, ஏறினால் தள்ளல், விமானம் ஊஞ்சலாடும். திரையில் உயரத்தைக் காட்டும் பட்டையின் ஓரத்தில் நீளும் சின்னக் கோடு, இன்னும் ஆறு விநாடியில் எந்த உயரத்தில் இருப்போம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்க்க முள் கருவி எப்படிச் சொல்லித்தரும்?

பழைய விமானத்துக்கு மணிக் கட்டணம் குறைவு, அதனால் அதில் கற்கிறேன் என்றால் ஒப்புக்கொள்கிறேன். காசுக் கணக்குக்குப் பயிற்சித் தத்துவம் என்று பெயர் சூட்டுவதுதான் எரிச்சல்.