மொட்டையா மருந்து?

குழந்தை தன் தலைமயிரைத் தானே பிடுங்குகிறது என்று தெரிந்தால் நம் வீடுகளில் மூன்று வைத்தியங்கள் நடக்கின்றன. முதலில் கையில் ஓர் அடி. பலிக்காவிட்டால் விரலில் வேப்பெண்ணெய். அதுவும் பலிக்காவிட்டால் மொட்டை. மூன்றையும் நான் எதிர்க்கிறேன். மொட்டை சுவாமிக்குக் காணிக்கையாக இருக்கட்டும். பத்து வயதுப் பெண்ணுக்குத் தண்டனையாக வேண்டாம்.

"எல்லாம் கொழுப்பு" என்கிறார்கள் பெரியவர்கள். நான் டாக்டரல்ல, கதை எழுதுகிறவன்; மனிதர்கள் எதை ஒளிக்கிறார்கள் என்று பார்ப்பது என் தொழில். கொழுப்பு நாலு பேர் பார்க்கக் கூத்தாடும். இந்தக் குழந்தையோ ஒளிந்தல்லவா செய்கிறது? பாடப் புத்தகத்தின் முன், தூக்கம் வராத படுக்கையில், கை தானாக மேலே போகிறது. பல சமயம் பிடுங்கியது அதற்கே தெரியாது. அலொப்போ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1889-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். நாம் இன்னும் திமிர் என்றே அழைக்கிறோம்!

சிலர் புழுவெட்டு என்று எண்ணி வெங்காயம் தேய்க்கிறார்கள். புழுவெட்டில் சொட்டை வழவழவென்றிருக்கும். பிடுங்கிய இடத்தில் மயிர் குட்டையும் நெட்டையுமாய், அறுந்து முள்முள்ளாய் நிற்கும். புருவத்தையும் இமையையும்கூடப் பாருங்கள். முக்கியமாக, பிடுங்கியதை வாயில் போடுகிறதா என்று பாருங்கள். விழுங்கிய மயிர் செரிக்காது. வயிற்றில் பந்தாகத் திரண்டு அறுவை சிகிச்சை வரை இழுத்துவிடும். வயிற்றுவலி, வாந்தி என்றால் ஒருநாளும் தாமதிக்கலாகாது.

"அப்படியானால் சும்மா விடச் சொல்கிறீரா?" இல்லை. இரண்டு மூன்று வயதில் வந்தால் பெரும்பாலும் தானே மறையும். பத்துப் பன்னிரண்டு வயதில் தொடங்குவதுதான் பிடிவாதமானது. அமெரிக்காவில் அஸ்ரின், நன் என்ற இருவர் 1973-ல் ஒரு முறை சொன்னார்கள். கை எப்போது போகிறது என்பதைக் குழந்தையே கவனிக்கப் பழகவேண்டும். போகும்போது முஷ்டியை மடக்கிச் சற்று நேரம் இறுக்கிக்கொள்ள வேண்டும். வீட்டார் மெச்ச வேண்டும். மனநல நிபுணர் இதைப் பொறுமையாகக் கற்றுத்தருவார்.

"மனநலமா? நாளைக்கு இவளை யார் கட்டிக்கொள்வார்கள்?" என்று சொட்டையைப் பூச்சரத்தால் மூடுகிறோம். பல்லில் சொத்தை என்றால் மட்டும் பட்டப்பகலில் டாக்டரிடம் ஓடுகிறோம்!

பிடுங்கிய மயிர் பெரும்பாலும் முளைத்துவிடும். "உனக்கு வெட்கமில்லையா?" என்று விருந்தாளிகள் எதிரில் கேட்டோமே, அப்போது நம்மிடமிருந்து விலகிய குழந்தை அத்தனை சுலபமாகத் திரும்பி வராது.