கேமரா இருக்கிறது, முகம் எங்கே?

கடைக்குக் கடை கண்காணிப்புக் கேமரா வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் ஒரு களவு நடந்து, பதிவைப் போட்டுப் பார்க்கும்போது என்ன தெரிகிறது? வாசலில் வெயில் பளிச்சென்று இருக்கிறது. உள்ளே வந்த ஆள் கறுப்பு நிழலாக நிற்கிறார். இந்தக் குறையை நம்மிடம் சொல்லாத உறுப்பினர் குறைவு.

கேமராவைக் குறைசொல்லிப் பயனில்லை. மாட்ட வந்தவர் பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போனார். நாமும் படம் தெரிகிறதா என்று பார்த்தோமே தவிர, முகம் தெரிகிறதா என்று பார்க்கவில்லை. தராசு வாங்கினால் முத்திரை பார்க்கிற நாம், இதில் மட்டும் ஏமாளியாக இருக்கலாமா?

வாசலை நோக்கிய கேமரா வெளி வெளிச்சத்துக்குத் தக்கபடி கண்ணைச் சுருக்கிக்கொள்ளும். அதனால் முகம் இருண்டுபோகிறது. 'டபிள்யூ.டி.ஆர்.' என்ற அமைப்பு இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். பழைய கேமராவானால் 'பேக்லைட்' என்றிருக்கும். அதைப் போட்டால் தெரு வெளுத்துப்போகும், போகட்டும். நமக்கு வேண்டியது முகம். இரண்டும் இல்லையென்றால் ஏணி போட்டு ஏறி, கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவதே வைத்தியம். டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடினால், கருவி 60 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதற்கு மாற்ற வேண்டும். இரவில் வெளிச்சம் போதாவிட்டால் கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்துவைக்கும். அடுக்கியிருக்கும் மூட்டை அழகாகத் தெரியும், நடக்கிற ஆள் புகையாகத் தெரிவான். ஒரு விளக்கை எரியவிடும் செலவு இதற்குமுன் பெரிதல்ல. ஷார்ப்னெஸை முழுக்க ஏற்றுகிறவர்களும் உண்டு; அதனால் புள்ளிதான் கூடும். சினிமாவில் வருவதுபோல், மங்கலாகப் பதிந்ததைப் பெரிதாக்கி நோட்டின் நம்பரைப் படித்துவிட முடியாது. மிளகாய்த்தூளும் மாவும் பறக்கிற மளிகைக்கடையில் கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்பதை நாம் சொல்லவும் வேண்டுமா?

இவற்றையெல்லாம்விட முக்கியமானது பதிவுப் பெட்டியின் கடிகாரம். நம் உறுப்பினர் ஒருவர் கடையில் நடந்தது இது. பகல் 1.30-க்குக் கல்லாவை எண்ணியபோது கணக்குச் சரியாக இருந்தது. 3 மணிக்கு எண்ணியபோது 4,000 ரூபாய் குறைந்தது. பதிவில் 2.10-க்குக் கடைப்பையன் கல்லா அருகே தனியாக நின்றான். அவனே என்று முடிவுகட்டிவிட்டார்கள். பில் மெஷினோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பெட்டியின் கடிகாரம் ஒரு மணி நேரம் வேகமாக ஓடுவது தெரிந்தது. அவன் நின்றது 1.10-க்கு, அதாவது எண்ணுவதற்கு முன்னால். அதற்குள் பையன் ஊருக்குப் போய்விட்டான். ஆள் அனுப்பியும் திரும்பவில்லை.

நேரம் தப்பான பதிவைக் கொண்டு நீதிமன்றத்தில் நின்றாலும் எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆவது பிரிவின்படி, பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுக்க அதற்குரிய சான்றிதழும் வேண்டும்.

அடுத்தது ரிமோட். திரும்புகிற கேமராவை வீட்டிலிருந்தபடி போனில் திருப்பிப் பார்த்துவிட்டு, சரக்கு அறைப் பக்கமே விட்டுவிடுகிறோம். கல்லாவை ராத்திரி முழுக்க யாரும் பார்ப்பதில்லை. தானே பழைய இடத்துக்குத் திரும்பும்படி அமைக்க வழியுண்டு, கேட்டு வாங்குங்கள். பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? பல கடைகளில் மாட்டிக் கொடுத்தவரிடம்! கல்லாச் சாவியை அவரிடம் கொடுப்போமா? தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை அப்படியே விடுவதும் ஆபத்துதான். 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ் அப்படிப்பட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் உலகெங்கும் பிடித்துக்கொண்டது. அந்த அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர் போன்ற தளங்களே முடங்கின.

ஆகவே நாம் சொல்வது இதுதான். புதிதாகக் கேமரா மாட்டுகிறவர்கள் முழுப் பணத்தையும் அன்றே கொடுக்க வேண்டாம். பகல் 12 மணிக்கு ஒருமுறை, இரவு கடை அடைத்த பிறகு ஒருமுறை, கடை ஆள் ஒருவரை வாசல்வழி நடக்கவிட்டுப் பதிவைப் பாருங்கள். முகம் தெரிந்து, கடிகாரம் சரியாக இருந்து, பாஸ்வேர்டும் உங்கள் கைக்கு வந்த பிறகு பாக்கியைக் கொடுக்கலாம்.