பள்ளித் தோட்டத்தில் மண்வெட்டி யார் கையில்?

நம் கிராமப் பங்குகளில் கோவிலை அடுத்துப் பள்ளியும், அதனை அடுத்து வெறுமையாய்க் கிடக்கும் நிலமும் இருத்தலைப் பலரும் கண்டிருப்பர். காய்கறித் தோட்டத்திற்கு ஐந்து சென்ட் போதும். ஆடியில் தண்டுக்கீரை விதையை மணலோடு கலந்து தூவினால், ஏறக்குறைய ஒரு மாதத்தில் முதல் கீரை சமையற்கூடம் சேரும். வேலியோரம் இரண்டு முருங்கைப் போத்துகள். பிள்ளைகள் கை கழுவும் நீர் ஓடுமிடத்தில் வாழையும் சேம்பும். பெருஞ்செலவு இல்லை.

1982இல் தொடங்கிய சத்துணவைத் தொடர்ந்து, 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவு கிடைக்கிறது. பசி தணிகிறது, பெரும் நன்மையே. ஆயினும் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகையுற்றிருந்தனர். அவர்களே பின்னர் நம் பள்ளிகளுக்கு வருபவர்கள். கீரை ஒன்றே அதனைத் தீர்த்துவிடாது. குடற்புழு மருந்தும் காலில் செருப்பும் வேண்டும். கீரையின் இரும்புச் சத்து உடலில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ துணை செய்யும்; உண்டவுடன் அருந்தும் தேநீர் அதனைத் தடுக்கும். பாடநூலில் படித்தால் இது தேர்வோடு மறந்துபோகும். தான் பறித்த கீரையை உண்ட சிறுமியோ, வீட்டிற்குச் சென்று தாயிடமும் சொல்லுவாள்.

இனி, எழுதத் தயக்கம் தரும் ஒன்று. எருக்கூடை சுமப்பவர் யார், பூச்செடிக்கு நீர் ஊற்றுபவர் யார் என்று கூர்ந்து நோக்கினால், ஊரின் தெருப் பிரிவினை சில பள்ளித் தோட்டங்களிலும் தென்படும். பாடம் ஒப்பிக்காதவனுக்குக் களை பறித்தல் தண்டனையாவதும் உண்டு. அத்தகைய தோட்டம் இல்லாதிருத்தலே மேல். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எருக்கூடை எல்லார் கைக்கும் வரட்டும், தலைமையாசிரியர் கைக்கும்தான்!

“என் மகனைப் படிக்கத்தானே அனுப்பினேன்?” என்று நிலவுடைமையாளர் கேட்பது வேறு, கூலி வேலையில் முதுகொடிந்த தந்தை கேட்பது வேறு. பின்னவர் கேள்வியில் நியாயம் உண்டு. அவருக்கு நாம் தரும் விடை செயலில் இருக்க வேண்டும்: வாரத்திற்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் வேலை கூடாது, பாத்தியை அளப்பதும் விளைச்சலை நிறுத்து எழுதுவதும் அவர் மகனுக்குக் கணக்குப் பாடமாக வேண்டும், விளைந்தது அனைத்தும் பிள்ளைகள் தட்டிற்கே வரவேண்டும், எவர் வீட்டிற்கும் செல்லலாகாது.

விதைக்கு அலைய வேண்டுவதில்லை. அவரை, சுரை, புடல் விதைகளைச் சாம்பலில் புரட்டிக் காக்கும் பாட்டிமார் இன்னும் உள்ளனர். பிள்ளைகள் கேட்டால் மறுக்கமாட்டார்கள். தோட்டத்தில் முற்றவிட்ட விதை மீண்டும் வீடுகளுக்குச் சென்றால், கொல்லைப்புறங்களும் பசுமையுறும். ஆனால் பள்ளித் தோட்டங்கள் பெரும்பாலும் மடிவது மே மாத விடுமுறையில்தான். அன்பியக் குடும்பங்கள், எல்லாத் தெருவினரும் கலந்து, நாள் முறை வைத்து நீர் ஊற்றலாம். அதற்கான பட்டியலை ஏப்ரலிலேயே பங்குப் பேரவையில் எழுதி முடித்துவிடுவது நல்லது.