பேட்டரிக்கு எதற்குத் தவணை?

இன்று, 2022 அக்டோபர் 1, நடைமுறைக்கு வந்திருக்க வேண்டிய மின்வாகன பேட்டரி பாதுகாப்பு விதிகள் வரவில்லை. கடைசி நேரத்தில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தார் அவற்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு டிசம்பர் 1, மறு பகுதிக்கு அடுத்த ஆண்டு மார்ச் 31 என்று தேதி குறித்திருக்கிறார்கள். ஸ்கூட்டருக்கும் அதே தவணை, காருக்கும் அதே தவணை. தயாரிப்பாளர்களுக்கு அவகாசம் தேவை என்ற காரணத்தை ஏற்க முடியாது.

செகந்திராபாதில் எட்டுப் பேர் இறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. கீழே மின் ஸ்கூட்டர் விற்பனை நிலையத்தில் பற்றிய தீயின் புகை, மாடிப்படி வழியாக மேலே விடுதி அறைகளுக்குள் புகுந்தது. மார்ச்சில் வேலூர் அல்லாபுரத்தில், புதிதாக வாங்கிய ஸ்கூட்டரை இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த தந்தையும், பள்ளியில் படிக்கும் மகளும் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஏப்ரலில் நிஜாமாபாதிலும் விஜயவாடாவிலும் வீட்டுக்குள்ளேயே பேட்டரி வெடித்து உயிர்கள் போயின. ஜூனில் மும்பை அருகே வசாயில் ஒரு மின்சார கார் கொழுந்துவிட்டு எரிந்ததை நாடே காணொளியில் பார்த்தது.

லித்தியம் அயனி பேட்டரியில் நடப்பது என்ன என்பது புதிரல்ல. கட்டைவிரல் பருமனுள்ள ஒரு செல்லுக்குள், நேர்முனையையும் எதிர்முனையையும் பிரித்து வைத்திருப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள். அது கிழிந்தாலோ உருகினாலோ உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகும். சூடு சூட்டைக் கூட்டும். உள்ளிருக்கும் திரவம் எரியும் வாயுவாகப் பீறிடும். அடுத்த செல் பற்றும், அதற்கடுத்ததும் பற்றும். அணைத்துவிட்டோம் என்று நினைத்த பிறகும் மறுபடி எரியும். வண்டி ஓட்டுபவர் இதில் செய்யக்கூடியது எதுவுமில்லை. ஒரு செல் கெட்டால் மற்றவை தப்புவதும், உள்ளே இருப்பவர் இறங்கி ஓட நேரம் கிடைப்பதும் தொழிற்சாலையில் தீர்மானமாகிற விஷயங்கள். செல்லின் தரம், பேட்டரி மேலாண்மை அமைப்பு, சார்ஜர், செல்லிலிருந்து செல்லுக்குத் தீ பரவுவது என்று புதிய விதிகள் கைவைத்தது சரியாக இந்த இடங்களில்தான். அவற்றைத்தான் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

தள்ளிவைத்த நேரத்தையும் கவனிக்க வேண்டும். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஆண்டிலேயே அதிகமாக வண்டி விற்கும் காலம் இது. போனஸ் பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கி, பெட்ரோல் செலவு மிச்சமாகும் என்று நம்பி ஷோரூமுக்கு வரும் குடும்பத்துக்குப் பழைய விதிப்படி செய்த பேட்டரியைத் தாராளமாக விற்கலாம். அந்தக் குடும்பம் அதை வாசலிலோ கூடத்திலோ நிறுத்தி, இரவு முழுக்க சார்ஜ் போட்டுவிட்டுப் பக்கத்து அறையில் தூங்கும். பழைய சரக்கு தீரட்டும் என்பதற்காகவே இந்த அவகாசம் என்று மக்கள் சந்தேகித்தால், அதை மறுக்க ஒரு காரணமும் நமக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே விற்றுப் போன லட்சக்கணக்கான வண்டிகளைப் பற்றிப் பேச்சே இல்லை. தவறு செய்தால் அபராதம், வண்டிகள் திரும்பப் பெறப்படும் என்று ஏப்ரலில் எச்சரித்தார்கள். சில நிறுவனங்கள் தாமாகத் திரும்பப் பெற்ற சில ஆயிரம் வண்டிகளைத் தவிர அந்த எச்சரிக்கையால் விளைந்தது எதுவுமில்லை.

இந்த அமைச்சகத்தாரிடமிருந்து இதைத்தான் எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. 2020 ஆகஸ்டில், பேட்டரியே பொருத்தாமல் மின்வாகனத்தை விற்றுப் பதிவுசெய்யலாம் என்று அனுமதித்தவர்கள் இவர்கள். காரில் முன்இருக்கைப் பயணிக்கான காற்றுப்பையை 2021 ஆகஸ்ட் 31 முதல் கட்டாயமாக்கிவிட்டு, அந்தத் தேதியையும் டிசம்பருக்குத் தள்ளினார்கள். கடந்த மாதத் தொடக்கத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் இறந்தபோது சாலைப் பாதுகாப்பைப் பற்றி மேடைதோறும் பேசினார்கள். அந்த மாதம் முடிவதற்குள், காரில் ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கும் விதியை ஓராண்டு ஒத்திவைத்தார்கள். உதிரிபாகம் கிடைக்கவில்லை என்பது அன்றைய காரணம். உற்பத்தியாளரின் சிரமம் ஒவ்வொரு முறையும் இவர்கள் காதில் விழுகிறது. வேலூரில் அழுதவர்களின் குரல் விழவில்லை. எத்தனை பேர் செத்தால் ஒரு தேதி உறுதியாக நிற்கும்?

இந்த ஒத்திவைப்பை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும். பேட்டரி எந்த விதிப்படி சோதிக்கப்பட்டது என்பது வாங்குபவருக்கு ஏதேனும் ஒரு வகையில் தெரிய வேண்டும். இன்றிலிருந்து மார்ச் 31 வரை, புதிய விதிகள் முழுதாக நடைமுறைக்கு வராத நிலையில் விற்கப்படும் ஒரு வண்டி எரிந்து ஓர் உயிர் போனால், அதற்கு யார் பொறுப்பு என்பதை இந்தத் தேதிகளில் கையெழுத்திட்டவர்கள் இப்போதே சொல்ல வேண்டும்.