சாலுக்கு ஒரு சஞ்சா போதும்

ஏப்ரல் பிறந்துவிட்டால் மும்பையில் நம்மவர் வீடுகளில் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. வீட்டிலேயே ஐஸ்கிரீம் செய்யும் மின்சார யந்திரம் ஒன்று வாங்கினால் என்ன? குழந்தைகள் நச்சரிக்கிறார்கள், கடையில் தவணைக்கும் கொடுக்கிறார்கள், பிறகென்ன யோசனை? வீட்டுக்கு வீடு வாங்குவது வீண் செலவு என்பதும், ஒரு சாலில் இருப்பவர்கள் சேர்ந்து ஒன்று வாங்குவது நல்ல செலவு என்பதும் என் கருத்து. பட்டறிந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

என் வீட்டுப் பரணில் இரண்டு ஆண்டுகளாக ஒரு பெட்டி கிடக்கிறது. உள்ளே ஒரு கிண்ணம், அதன்மேல் பொருத்த ஒரு சிறு மோட்டார். கிண்ணத்தின் இரட்டைச் சுவருக்கிடையே ஏதோ திரவத்தை அடைத்திருக்கிறார்கள். முதல் நாளே அதைப் பிரிட்ஜின் உறைபெட்டியில் வைத்துக் கல்லாக இறுகவிட்டு, மறுநாள் பாலை ஊற்றிச் சுழலவிட வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி குளிர்ச்சி இருந்தால்தான் அந்தத் திரவம் சரியாக இறுகுமாம். என்னிடம் இருப்பது ஒற்றைக் கதவு பிரிட்ஜ். அதன் உறைபெட்டியில் கிண்ணம் நுழையவே இல்லை! கடைக்காரர் இதைச் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. தவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் ஒழுங்காகப் போயிற்று.

தானே குளிரூட்டிக்கொள்ளும் யந்திரமும் உண்டு. அதற்குப் பிரிட்ஜ் வேண்டாம். ஆனால் விலை குமாஸ்தாக்கள் தொடக்கூடியதல்ல. பத்துக்குப் பத்து கோலியில் அதை வைத்துவிட்டு நாம் எங்கே படுப்பது?

மிஞ்சுவது சஞ்சா. குஜராத்தியர், பார்சிகள் வீடுகளில் இதைப் பார்க்காதவர்கள் நம்மில் குறைவு. மராத்தியர் 'பாட் ஐஸ்கிரீம்' என்பதும் இதில் செய்வதைத்தான். ஒரு மர வாளி, நடுவே உலோக உருளை, அதற்குள் துடுப்பு. 1843-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி கையால் சுற்றும் இத்தகைய யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கைப்பிடி இருந்த இடத்தில் மோட்டாரை வைத்து விற்கிறார்கள். மற்றபடி தத்துவம் அதேதான்.

ஐஸ் உருகுவது பூஜ்யம் டிகிரியில். சர்க்கரை கலந்த பாலோ அதற்கும் இரண்டு மூன்று டிகிரி கீழே போனால்தான் உறையத் தொடங்கும். ஆகவே வெறும் ஐஸ் போதாது. கல்லுப்பைச் சேர்த்தால் ஐஸ் வேகமாக உருகுகிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பாலிடமிருந்து பறித்துக்கொள்கிறது. வாளியின் குளிர்ச்சி பூஜ்யத்துக்கும் கீழே பத்து டிகிரி வரைகூட இறங்கும். துடுப்பு சுற்றிக்கொண்டே இருப்பதால் உருளையின் சுவரில் படியும் பனி பெரிதாக வளருமுன் சுரண்டப்படுகிறது. நாக்கில் தெரியும் வழவழப்பு அதனால் வருவது.

இத்தனை பாடு எதற்கு, கடையில் வாங்கினால் ஆயிற்று, வரிகூட 2025 செப்டம்பரில் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டதே என்பார்கள். குறைந்தது உண்மை. நாம் வாங்குவது என்ன என்று பார்க்க வேண்டாமா? வெறுமனே 'ஐஸ்கிரீம்' என்று பெயர் போட வேண்டுமானால் அதில் பால் கொழுப்பு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுச் சட்ட விதி. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்தால் 'பிரோசன் டெஸர்ட்' என்றுதான் போட வேண்டும். தள்ளுவண்டியில் நம் பிள்ளைகள் வாங்கும் கோனின் உறையை ஒருமுறை திருப்பிப் படியுங்கள். பெரும்பாலும் இந்தப் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். தாவர எண்ணெய் விஷமல்ல. வேண்டுபவர் தாராளமாகச் சாப்பிடட்டும். பால் என்று நினைத்துக்கொண்டு காசைக் கொடுப்பதைத்தான் நான் ஒப்பவில்லை.

இன்னொன்று. ஐஸ்கிரீமை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். ஒரு லிட்டர் 525 கிராமுக்குக் குறையக்கூடாது என்று விதி. காற்றுப் புகுமுன் அந்தக் கலவை லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேலேயே நிற்கும். அதாவது டப்பாவில் பாதியளவு காற்றாக இருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது!

வீட்டுக் கணக்கைப் பாருங்கள். முழுக் கொழுப்புப் பாலில் 6 சதவீதம் கொழுப்பு. லிட்டருக்கு 60 கிராம். ஒரு லிட்டரை அரை லிட்டராகச் சுண்டக் காய்ச்சி 100 கிராம் சர்க்கரை போட்டால் கலவை சுமார் 600 கிராம் தேறும். அதில் 60 கிராம் கொழுப்பென்றால் சரியாக 10 சதவீதம். தனியாகக் கிரீம் வாங்க வேண்டியதே இல்லை. நம் வீட்டுப் பெண்களுக்குப் பால்கோவாவுக்குப் பாதி வழி போய் நிறுத்துவது போன்ற வேலை. ஒரு எச்சரிக்கை உண்டு: இப்படிச் சுண்டிய பாலில் செய்ததை நாள் கணக்கில் வைத்தால் பாலிலுள்ள சர்க்கரை மணல்போல் நெருடத் தொடங்கும். அன்றே தீர்த்துவிட வேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை ஒரு குறையென்று சொல்ல முடியாது. மாம்பழம் சேர்ப்பவர்கள் பால் நன்றாக ஆறிய பிறகு சேர்க்க வேண்டும்; சூட்டில் சேர்த்தால் திரிந்துவிடும்.

மோட்டார் வந்ததால் கூடிச் சுற்றும் சந்தோஷம் போயிற்று என்று சில பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள். இந்த வருத்தத்தில் எனக்குப் பங்கில்லை. கூடிச் சுற்றியது முதல் ஐந்து நிமிஷம். இறுகத் தொடங்கியதும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், ஆண்கள் பத்திரிகை படிக்கப் போய்விடுவார்கள். கடைசி இருபது நிமிஷமும் பாலைக் காய்ச்சிய அதே கைதான் சுற்றியது. அந்தக் கைக்கு ஓய்வு கொடுக்கிறது மோட்டார். மின்சாரமும் ஒரு தடவைக்கு ஒரு யூனிட்டில் சிறு பங்குதான்.

ஆனால் கை உணர்வதை மோட்டார் உணராது. இறுகியதும் அதன் சத்தம் கனத்துத் திணறும்; உடனே நிறுத்தாவிட்டால் சுருள் கருகும். வாளியிலிருந்து உப்புநீர் கசிந்துகொண்டே இருக்கும். ஈர வராந்தாவில் தரையில் ஒயரை இழுத்துப் போடுவது உயிரோடு விளையாடுவது. மூன்று முள் பிளக், எர்த் இணைப்பு, ஒயர் தரையில் படாமல் ஒரு ஸ்டூல் என்று இவ்வளவும் இருந்தால்தான் சுவிட்சைப் போட வேண்டும்.

ஐஸ் விஷயத்தில் ஒரு சௌகரியம் உண்டு. சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் கலக்க வேண்டுமென்று 2018-ல் மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகம் உத்தரவிட்டது. அந்த மலிவான நீல ஐஸ் வாளிக்குப் போதும், உருளைக்குள் மட்டும் ஒரு துளியும் போகக்கூடாது. மூடியின் மட்டத்துக்கு உப்புநீர் ஏறாமல் பார்த்துக்கொண்டு, திறக்குமுன் மூடியைத் துடைத்துவிட வேண்டும். இரண்டு லிட்டர் உருளைக்கு ஐந்தாறு கிலோ ஐஸும் ஒரு கிலோ கல்லுப்பும் கணக்கு.

இப்போது சொல்லுங்கள், ஆண்டுக்கு நான்கைந்து ஞாயிற்றுக்கிழமை ஓடும் பொருளை ஒரு குடும்பம் தனியாக வாங்கி வைப்பானேன்? சீட்டுப் பிடிப்பது நம்மவருக்குக் கைவந்த கலை. கோயில் கொடைக்கு வரி போடத் தெரிந்தவர்கள் பத்து வீடு சேர்ந்து ஒரு சஞ்சா வாங்க முடியாதா? எங்கள் சாலில் சென்ற ஆண்டு எட்டு வீடுகள் சேர்ந்து வாங்கினோம். முறை வைத்துக்கொண்டிருக்கிறோம், பாலும் சர்க்கரையும் முறைக்காரர் செலவு, ஐஸ் பொதுச் செலவு. சச்சரவு இல்லாமல் இல்லை. மர வாளி காய்ந்துவிட்டால் பலகை சுருங்கி இடுக்கில் ஒழுகும். அதனால் உபயோகிப்பதற்கு முதல் நாளே நல்ல தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும். குழாயில் தண்ணீர் வரும் நேரமே சொற்பம், அந்த ஒரு வாளித் தண்ணீரை யார் கொடுப்பது என்பதில்தான் மூன்றாம் நம்பர் வீட்டாருக்கும் ஆறாம் நம்பர் வீட்டாருக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.