அணைக்க மாட்டோம்

தாம்பரத்தில் கரண்ட் பில் கணக்கு தெரியாத வீடு கிடையாது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், 500ஐத் தாண்டினால் கதையே வேறு. ரீடிங் எடுக்கும் தேதி நெருங்கும்போது "ஆளில்லாத ரூம்ல ஃபேன் எதுக்கு ஓடுது?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் கேப் ஏறி ஓஎம்ஆருக்குப் போய், யாருமே பயன்படுத்தாத சர்வர்களை வருடக்கணக்கில் ஓடவிடுகிறோம். என் தொழில் மீது எனக்கிருக்கும் பெரிய கோபம் இதுதான்.

அணைக்க வசதி இல்லை என்று சொல்ல முடியாது. சர்வர் மதர்போர்டில் பிஎம்சி என்று ஒரு குட்டிக் கணினி தனியாக உட்கார்ந்திருக்கிறது. பெரிய கணினி அணைந்தாலும் ஸ்டாண்ட்பை கரண்டில் அது விழித்திருக்கும். அதனோடு பேச 1998லேயே இன்டெல், டெல், எச்பி, என்இசி நான்கும் சேர்ந்து ஐபிஎம்ஐ என்ற பொது மொழியைக் கொண்டுவந்தன. 2015ல் ரெட்ஃபிஷ் வந்தது. வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒரு கமாண்ட் அடித்தால் சிறுசேரியில் இருக்கும் பெட்டி அணையும், இன்னொன்று அடித்தால் எழும். எச்பி இதற்கு வைத்த பெயர் 'இன்டக்ரேட்டட் லைட்ஸ்-அவுட்'. விளக்கை அணைத்துவிட்டு மனிதர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். மனிதர்கள் போய்விட்டார்கள், விளக்கும் அணைந்துவிட்டது, பெட்டி மட்டும் ஓடுகிறது.

இவ்வளவு வசதியையும் நாங்கள் எதற்குப் பயன்படுத்துகிறோம்? ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் அடிக்க.

2007ல் கூகுளின் பரோசோவும் ஹோல்ஸ்லேவும் ஒரு கட்டுரை எழுதினார்கள். சர்வர்கள் பெரும்பாலான நேரம் தங்கள் திறனில் 10 முதல் 50 சதவீதத்துக்குள்தான் வேலை செய்கின்றன, ஏறக்குறைய எந்த வேலையும் செய்யாதபோதுகூட நல்ல சர்வரே முழு மின்சாரத்தில் பாதியை இழுக்கிறது என்றார்கள். இன்றைய சர்வர்கள் தேறியிருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். குறைத்தே போடுவோம்: சும்மா நிற்கும் பெட்டிக்கு 150 வாட். ஒரு நாளைக்கு 3.6 யூனிட், 60 நாளைக்கு 216. ஒரு வீட்டின் இலவச யூனிட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதைக் குளிர்விக்கும் ஏசியை இன்னும் சேர்க்கவே இல்லை.

"சார், அணைச்சா திரும்ப வரலைன்னா?" இந்தக் கேள்வி வராத மீட்டிங் இல்லை. பேங்க் சர்வரை மத்தியானம் அணைக்கச் சொல்லவில்லை. ப்ராஜெக்ட் முடிந்தும் ஓடும் டெஸ்ட் மெஷின்களைச் சொல்கிறேன். ஓனர் பெயர் என்று போட்டிருக்கும் ஆள் வேலையை விட்டே போயிருப்பார். விஎம்வேரில் டிபிஎம் என்று ஒரு வசதி உண்டு. லோடு குறைந்தால் வேலைகளை ஒரு சில பெட்டிகளுக்கு நகர்த்திவிட்டு மற்றவற்றை பிஎம்சி வழியாக அதுவே அணைக்கும், தேவைப்பட்டால் எழுப்பும். அதை ஆன் செய்து வைத்திருக்கும் டீமைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காரணம் டெக்னிக்கல் கிடையாது. ஓடவிட்டதற்காக யாருக்கும் மெமோ வந்ததில்லை, அணைத்ததற்கு வரும். அவ்வளவுதான் விஷயம்.

செக்யூரிட்டி என்று ஒரு கூட்டம் கிளம்பும். அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. பல கம்பெனி சர்வர்களில் இருக்கும் மெகாராக் என்ற பிஎம்சி மென்பொருளில், பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையவிடும் ஓட்டை ஒன்று 2025 மார்ச்சில் வெளியே வந்தது. தீவிரம் பத்துக்குப் பத்து. (அதைத் தயாரிக்கும் அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸுக்கு நம் ஓஎம்ஆரிலேயே ஆபீஸ் இருக்கிறது.) ஆனால் நீங்கள் தொட்டாலும் தொடாவிட்டாலும் பிஎம்சி விழித்துக்கொண்டுதான் இருக்கும். தனி நெட்வொர்க்கில் வையுங்கள், பேட்ச் போடுங்கள். கதவுக்குப் பூட்டு சரியில்லை என்பது ஃபேனை ஓடவிடக் காரணமா?

தென்சென்னையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு இந்த யூனிட்டெல்லாம் திரையில் வரும் எண்தான். வடக்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. அதன் சாம்பல் குழம்பு குழாய்களிலிருந்து கசிந்து கொசஸ்தலையாற்றில் படிந்தது. செப்பாக்கம் சாம்பல் குட்டைக்குப் பக்கத்திலேயே வாழ்கிற ஊர். 2017ல் 'சென்னை பொறம்போக்கு பாடல்' வந்தபோது என் ஆபீஸில் ஷேர் செய்யாதவர் இல்லை. "நாங்க காற்றாலை மின்சாரம்தான் வாங்குறோம்" என்கிறவர்களுக்கு: நீங்கள் வீணடிக்காத காற்றாலை யூனிட் ஒவ்வொன்றும் கிரிட்டில் இன்னொருவருக்குப் போகும், அந்த அளவுக்கு நிலக்கரி குறைவாக எரியும்.

அணைப்பதற்கு ஒப்புதல் கேட்கும் ஃபாரத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு, ஓடவிடுவதற்கு ஒப்புதல் கேளுங்கள். முப்பது நாள் யாரும் லாகின் செய்யாத, எந்த ஜாபும் ஓடாத டெஸ்ட் பெட்டி தானாக அணையட்டும். எதையும் அழிக்க வேண்டாம். என் மெஷின் எங்கே என்று யாராவது போன் செய்தால் ஒரு கமாண்ட் போதும். அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அது எழுந்திருக்கும்.